ஏழு ஆண்டு என்னும் கோடு: இந்தோனேசியத் தெருச் சண்டைகளும் சிறார் சட்டமும்

யோக்யகர்த்தா நகரில் ஒரே இரவில் இரண்டு பையன்கள் போலீஸில் சிக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் வயது 16. முதல் பையனின் தோள்பைக்குள் ஓர் அரிவாள் இருந்தது. சாலைச் சோதனையில் மாட்டிக்கொண்டான். அன்று அவன் யாரையும் தொடவில்லை. இரண்டாமவன் தன் வயதுப் பையன் ஒருவனை அடித்து, பலத்த காயத்தோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டான். இந்த இருவரில் யாருடைய வழக்கை நீதிமன்றத்துக்கு வெளியே பேசி முடிக்க முயல வேண்டும் என்று இந்தோனேசியச் சட்டம் அதிகாரிகளைக் கட்டாயப்படுத்துகிறது?

இரண்டாமவனுடைய வழக்கை. முதல் பையனுக்கு அந்தக் கதவு திறக்கவே திறக்காது.

சட்டம் எழுதியவர்கள் யாரும் இப்படி நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால் எழுதியதன் விளைவு இதுதான். ‘டிவெர்சி’ என்று இந்தோனேசியர்கள் அழைக்கும் இந்த ஏற்பாட்டின் வாசலில், குற்றத்துக்குப் புத்தகத்தில் எழுதியிருக்கும் அதிகபட்சத் தண்டனை 7 ஆண்டுக்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஆயுதம் வைத்திருப்பதற்கு 2025 இறுதி வரை 1951-ஆம் ஆண்டின் அவசரச் சட்டம் 10 ஆண்டு வரை சிறை என்றது. ஒரு சிறுவனுக்குப் பலத்த காயம் ஏற்படுத்துவதற்குக் குழந்தைப் பாதுகாப்புச் சட்டத்தின் 80-ஆம் பிரிவு சொல்வது 5 ஆண்டு. கணக்கு முடிந்தது.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். 1997-இல் இயற்றப்பட்ட சிறார் நீதிமன்றச் சட்டம் எட்டு வயதுப் பிள்ளையைக்கூட விசாரணைக்குக் கொண்டுவர அனுமதித்தது. 2006-இல் வட சுமத்ராவின் ஸ்டாபாட் ஊரில் அது நிஜமாகவே நடந்தது. பள்ளியில் இன்னொரு பையனோடு போட்ட சண்டைக்காக எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் காவலில் வைக்கப்பட்டு, நீதிபதிக்கு முன்னால் நிறுத்தப்பட்டான். நாடே அதைப் பற்றிப் பேசியது. 2011 பிப்ரவரியில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த வயதை 12-ஆக உயர்த்தியது. அதே ஆண்டு இறுதியில் மத்திய சுலாவெசியின் பாலு நகரில், போலீஸ்காரர் ஒருவரின் செருப்பைத் திருடியதாக 15 வயதுப் பையன் மீது வழக்கு வந்தது. மக்கள் பழைய செருப்புகளைச் சேகரித்துக் கொண்டுபோய்க் குவித்து எதிர்ப்பைக் காட்டினார்கள். 2012 ஜனவரியில் நீதிமன்றம் அவனைக் குற்றவாளி என்று சொல்லிப் பெற்றோரிடம் ஒப்படைத்தது. ஒரு ஜோடி ரப்பர் செருப்புக்கு இத்தனை விசாரணை தேவையா என்ற கேள்வி எல்லோர் வாயிலும் இருந்த அந்த ஆண்டின் ஜூலையில்தான், 2012-இன் 11-ஆம் எண் சட்டமான சிறார் குற்றவியல் நீதி முறைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இரண்டு ஆண்டு ஆயத்தத்துக்குப் பிறகு 2014 ஜூலை 30 அன்று நடைமுறைக்கு வந்தது.

ஆக, சட்டம் பிறந்தபோது அதன் கண் முன்னால் இருந்த பிள்ளை செருப்புத் திருடியவன். பள்ளி மைதானத்தில் கட்டிப் புரண்டவன். நள்ளிரவில் மோட்டார் சைக்கிளில் அரிவாளோடு சுற்றுகிறவன் அந்தப் படத்தில் இல்லை. பின்னால் வந்த பல சிக்கல்களுக்கு இதுவே வேர் என்பது என் கணிப்பு.

சட்டத்தின் அமைப்பு ரொம்பச் சிக்கலானதல்ல. 12 வயது நிறைந்து 18 ஆகாதவர்கள் அதற்குள் வருவார்கள். 12 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரிடம் திருப்பி அனுப்ப வேண்டும், அல்லது ஏதாவது பயிற்சியில் சேர்க்க வேண்டும். 14 வயதாகாதவர்களுக்குச் சிறைத் தண்டனையே கிடையாது. மற்றவர்களுக்குப் போலீஸ், அரசு வழக்கறிஞர், நீதிபதி என மூன்று கட்டங்களிலும் டிவெர்சியை முயன்று பார்த்தே ஆக வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் 7 நாளுக்குள் தொடங்கி 30 நாளுக்குள் முடிக்க வேண்டும். ஒரே மேசையைச் சுற்றிப் பையன், அவன் பெற்றோர், பாதிக்கப்பட்டவர், அவர் குடும்பம், ‘பாபாஸ்’ என்ற சீர்திருத்த அலுவலகத்தின் சமூக வழிகாட்டி, சமூகப் பணியாளர் ஆகியோர் உட்கார்ந்து பேசுவார்கள். முடிவு பல விதமாக இருக்கலாம்: நஷ்டஈட்டோடோ இல்லாமலோ சமாதானம், பையனைப் பெற்றோரிடம் திருப்பி ஒப்படைத்தல், அதிகபட்சம் மூன்று மாதம் ஒரு பயிற்சி நிலையத்திலோ சமூக நல விடுதியிலோ தங்குதல், சமூகப் பணி செய்தல். ஒப்பந்தத்துக்கு மாவட்ட நீதிமன்றத் தலைவர் ஆணை பிறப்பித்ததும் வழக்கு அங்கேயே நின்றுவிடும். ஒப்பந்தத்தை மீறினால் விட்ட இடத்திலிருந்து வழக்கு தொடரும்.

பேச்சு முறிந்து வழக்கு நடந்தாலும் நீதிபதியும் வழக்கறிஞர்களும் அங்கியோ சீருடையோ அணியக் கூடாது. அதையும் சட்டமே எழுதி வைத்திருக்கிறது.

டிவெர்சியை முயலாமல் விட்ட அதிகாரிகளுக்குச் சிறைத் தண்டனையும் முதலில் சட்டத்தில் இருந்தது. அதற்கு எதிராக நீதிபதிகளே அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போனார்கள். கடமை தவறிய நீதிபதியையும் வழக்கறிஞரையும் கிரிமினல் குற்றவாளி ஆக்குவது நீதித்துறைச் சுதந்திரத்தில் கை வைப்பதாகும் என்று 2013-இல் அந்தப் பிரிவுகள் ரத்தாகின. இப்போது எஞ்சியிருப்பது துறை நடவடிக்கை மட்டும்.

சரி, தெருவுக்கு வருவோம்.

யோக்யகர்த்தாவுக்கு மாணவர் நகரம் என்று பெயர். பல்கலைக்கழகங்கள், பட்டறைகள், அரண்மனை, சுற்றுலாப் பயணிகள் என்று சாந்தமான ஊர். அந்த ஊரில்தான் ‘கிளிதி’ என்று சொல்லப்படும் இரவு வன்முறை பல ஆண்டுகளாகத் தலைவலியாக இருக்கிறது. உயர்நிலைப் பள்ளிப் பையன்கள் மோட்டார் சைக்கிள்களில் கூட்டமாகக் கிளம்புவார்கள். ஓட்டுகிறவனுக்கு ‘ஜோக்கி’ என்று பெயர். பின்னால் உட்கார்ந்திருப்பவன் கையில் அரிவாள் இருக்கும், அல்லது இடுப்புப் பெல்ட்டில் கட்டிய பைக் பல்சக்கரம் இருக்கும். எதிரிப் பள்ளிக் கும்பலைத் தேடிப் போவார்கள். யாரும் கிடைக்காவிட்டால் எதிரே வருகிறவன்மேல் வீச்சு விழும். அவன் யார், எந்தப் பள்ளி என்பதெல்லாம் இருட்டில் எங்கே தெரியப்போகிறது? திருடுவது நோக்கமில்லை. பள்ளிக் கும்பலில் புதிதாகச் சேர்ந்தவன் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும், பழைய மாணவர்கள் மெச்ச வேண்டும், அவ்வளவுதான்.

2022 ஏப்ரல் 3, ரமலானின் முதல் ஸஹர் நேரம், அதாவது நோன்புக்கு முன் விடியலில் சாப்பிடும் நேரம். கெடோங்குனிங் சாலையில் ஒரு பள்ளி மாணவன் பல்சக்கரத்தால் தலையில் தாக்கப்பட்டு இறந்தான். நாடு முழுக்கக் கோபம் கிளம்பியது. இந்தப் பிள்ளைகளுக்குச் சலுகை எதற்கு, சிறார் சட்டத்தைத் தூக்கி எறியுங்கள் என்று சமூக ஊடகங்களில் எழுதினார்கள். விசாரணைக்கு வந்த ஐந்து பேரும் 18 வயதைக் கடந்தவர்கள் என்பது அந்தச் சத்தத்தில் அமுங்கிப் போனது. சிறார் சட்டத்துக்கும் அந்த வழக்குக்கும் சம்பந்தமே இல்லை. அதோடு, தங்களை அடித்துத்தான் வாக்குமூலம் வாங்கினார்கள் என்று அந்த ஐவரின் தரப்பும் புகார் சொன்னது.

ஜகார்த்தாவிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் கதை வேறு. அங்கே ‘தாவுரான்’ என்பது இரண்டு கூட்டங்கள் நேருக்கு நேர் மோதுவது. தொழிற்பள்ளி மாணவர்களிடையே தலைமுறை தலைமுறையாக வரும் பகை. முன்பு பஸ் நிறுத்தத்திலும் ரயிலிலும் எதிர்பாராமல் வெடிக்கும். இப்போது இன்ஸ்டாகிராமில் இடமும் நேரமும் பேசி முடிவு செய்கிறார்கள். சிலர் லைவில் போடுகிறார்கள். 2012 செப்டம்பரில் தெற்கு ஜகார்த்தாவின் புலுங்கான் பகுதியில், அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பெயர்பெற்ற அரசுப் பள்ளிகளின் மாணவர்கள் மோதி ஒரு பையன் செத்தபோதுதான், இது ஏழைப் பிள்ளைகளின் தொழிற்பள்ளி விவகாரம் என்று ஒதுக்கிப் பேசியவர்கள் வாயை மூடினார்கள்.

இந்த இரண்டு வகையும் சட்டப் புத்தகத்துக்குள் நுழையும்போது என்ன ஆகிறது என்று பார்க்கலாம். 2025 இறுதி வரை இருந்த பழைய குற்றவியல் சட்டத்தொகுப்பின் எண்களையே எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் சிறார் சட்டம் அந்த எண்களோடுதான் பன்னிரண்டு ஆண்டு வாழ்ந்திருக்கிறது. சாதாரண அடிதடிக்கு 351-ஆம் பிரிவு: 2 ஆண்டு 8 மாதம். பலத்த காயம் என்றால் 5 ஆண்டு. உயிர் போனால் 7. பொது இடத்தில் பலர் சேர்ந்து அடித்தால் 170-ஆம் பிரிவு: வெறும் வன்முறைக்கு 5 ஆண்டு 6 மாதம், காயம் பட்டால் 7, பலத்த காயத்துக்கு 9, மரணத்துக்கு 12. டிவெர்சிக்கு ‘7 ஆண்டுக்குக் கீழே’ இருக்க வேண்டும். சரியாக 7 இருந்தால் வெளியே.

தெரு வன்முறை என்றாலே கூட்டம்தான். தனியாக அரிவாளோடு கிளம்புகிற 15 வயதுப் பையன் அபூர்வம். ஐந்து பேர் சேர்ந்து ஒருவனைத் தள்ளி, அவன் முழங்கை சிராய்த்தால், போலீஸ் 170-ஐப் போட்டதும் கதவு சாத்திக்கொள்ளும். அதே சம்பவத்துக்குக் குழந்தைப் பாதுகாப்புச் சட்டத்தின் 80-ஆம் பிரிவை மட்டும் போட்டால், அடிபட்டவனும் சிறுவனாக இருக்கும்பட்சத்தில், 3 ஆண்டு 6 மாதத்தோடு கதவு திறந்திருக்கும். ஆக, விசாரணை அதிகாரி முதல் காகிதத்தில் எந்தப் பிரிவை எழுதுகிறார் என்பதே பையனின் தலையெழுத்தாகிவிடுகிறது. நடந்ததும் அதேதான், நடந்த இடமும் அதேதான், காகிதத்தில் உள்ள எண் மட்டும் வேறு.

உச்ச நீதிமன்றம் இதைக் கவனிக்காமல் இல்லை. 2014-இல் அது வெளியிட்ட 4-ஆம் எண் விதி, 7 ஆண்டோ அதற்கு மேலோ போகும் குற்றச்சாட்டோடு அதற்குக் கீழான ஒன்றும் சேர்த்தோ மாற்றாகவோ வைக்கப்பட்டிருந்தால் நீதிபதி டிவெர்சியை முயல வேண்டும் என்கிறது. நல்ல முயற்சி. ஆனால் அது நீதிபதியிடம் வந்த பிறகு கிடைக்கும் நிவாரணம். அதற்குள் பையன் போலீஸ் காவலையும் வழக்கறிஞர் அலுவலகத்தையும் தாண்டி வந்திருப்பான், பள்ளியிலும் தெருவிலும் செய்தி பரவியிருக்கும். அரிவாளோடு பிடிபட்ட பையனுக்கோ அதுவும் உதவாது. அவன் மீது ஒரே குற்றச்சாட்டு, அதற்குப் பழைய கணக்கில் 10 ஆண்டு.

அந்த 1951 சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டச்சுக்காரர்களோடு நடந்த விடுதலைப் போர் ஓய்ந்து, ஊரெங்கும் துப்பாக்கியும் வெடிமருந்தும் மக்கள் கையில் கிடந்த காலத்தில் வந்தது அது. அதன் முதல் பிரிவு துப்பாக்கிகளுக்கானது, அதற்கு மரண தண்டனை வரை உண்டு. இரண்டாம் பிரிவு குத்தும், வெட்டும், அடிக்கும் ஆயுதங்களுக்கு. விவசாயக் கருவி, வீட்டு வேலைக்கான கத்தி, பரம்பரைக் குறுவாள் ஆகியவற்றுக்கு விலக்கு கொடுத்திருக்கிறார்கள். ஜாவா கிராமத்தில் அரிவாள் புல் அறுக்கும் கருவிதான். அதிகாலை 2 மணிக்கு ஸ்கூட்டரில் போகிறவன் புல் அறுக்கப் போகிறேன் என்றால் யார் நம்புவார்கள்? வழக்கு போடுவதில் தவறில்லை. ஒரு புதிய குடியரசு கிளர்ச்சிக்காரர்களை நினைத்து எழுதிய எண்ணை, பத்தாம் வகுப்புப் பையன் திருந்துவானா மாட்டானா என்று அளக்கும் கோலாகப் பயன்படுத்துவதில்தான் கோளாறு. அடிக்காமல் சிக்கியவனைத்தான் சுலபமாகத் திருப்ப முடியும். அவனுக்கு எதிரே உட்கார்ந்து மன்னிப்புக் கேட்கப் பாதிக்கப்பட்டவர் என்று ஒருவர்கூட இல்லை. அவன் இன்னும் எதையும் உடைக்கவில்லை.

இரண்டாவது நிபந்தனை, குற்றம் ‘மறுபடியும் செய்ததாக’ இருக்கக் கூடாது. கேட்க நியாயமாக இருக்கிறது. விளக்கக் குறிப்பைப் படித்தால்தான் அதன் நீளம் தெரியும். முதல் குற்றமும் இரண்டாவதும் ஒரே வகையாக இருக்க வேண்டியதில்லை. முதலாவது டிவெர்சியில் முடிந்திருந்தாலும் கணக்கில் வரும். 13 வயதில் ஒரு ஹெல்மெட்டைத் திருடிச் சமாதானமாகப் போனவன், 17 வயதில் பள்ளி வாசலில் ஒருவனை அறைந்தால் தன் வாய்ப்பை ஏற்கெனவே செலவழித்துவிட்டவன் ஆகிறான்.

ஏழு என்ற எண்ணின்மேல் இந்தியாவுக்கும் ஒரு மோகம் உண்டு. 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம், குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டோ அதற்கு மேலோ இருந்தால் அதைக் கொடுங்குற்றம் என்கிறது. அப்போதுதான் 16 வயதைத் தாண்டியவனைப் பெரியவனைப் போல விசாரிக்கலாமா என்ற கேள்வியே எழும். அதிகபட்சம் 7-க்கு மேல் இருந்து குறைந்தபட்சம் எதுவும் சொல்லப்படாத குற்றங்கள் கொடுங்குற்றம் ஆகாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. கொடுங்குற்றம் இல்லாதவற்றுக்கு, பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகப் புகார் இல்லாவிட்டால், முதல் தகவல் அறிக்கையே போடக் கூடாது என்பது 2016 மாதிரி விதிகளின் நிலை. அதாவது இந்தியா குறைந்தபட்சத்தைப் பார்க்கிறது, இந்தோனேசியா அதிகபட்சத்தை. அதிகபட்சம் என்பது மிக மோசமான குற்றவாளியை நினைத்து வைக்கும் உச்ச வரம்பு. அதை வைத்துச் சிறுவனை அளந்தால் எல்லாப் பையன்களும் பயங்கரமானவர்களாகத்தான் தெரிவார்கள். நியூசிலாந்து 1989-இலேயே குடும்பக் கூட்டம் என்ற முறையைக் கொண்டுவந்து, கொலை போன்ற வெகு சிலவற்றைத் தவிர மற்றக் குற்றங்களுக்கு அதைத் திறந்து வைத்தது. ஐ.நா.வின் குழந்தை உரிமைக் குழுவும் 2019-இல், இத்தகைய வழிகளைச் சில்லறைக் குற்றங்களோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள் என்று நாடுகளுக்குச் சொன்னது. இந்தோனேசியா அந்தக் குழந்தை உரிமை உடன்படிக்கையை 1990-லேயே ஏற்றுக்கொண்ட நாடு.

இனி, கதவு திறந்திருக்கும் வழக்குகளுக்கு வருவோம். உள்ளே போனதும் எதிர்ப்படுவது மேசை. அந்த மேசையில் யார் யார் உட்கார்கிறார்கள் என்பதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது.

கலந்து பேசி எல்லோரும் ஒத்துக்கொள்ளும் முடிவுக்கு வருவது ஜாவா கிராமங்களில் வேரூன்றிய பழக்கம். இரண்டு குடும்பமும் ஒரே தெரு, நாளைக்கும் முகம் பார்க்க வேண்டும், மசூதியிலும் கல்யாணத்திலும் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதுதான் அந்தப் பேச்சுக்குப் பலம். இரவு வன்முறையில் அடிபட்டவனுக்கும் அடித்தவனுக்கும் முன்பின் அறிமுகமே இல்லை. அடிபட்டவன் வெளியூரிலிருந்து படிக்க வந்தவனாக இருக்கலாம், ஷிப்ட் முடிந்து வீடு திரும்பியவனாக இருக்கலாம். ஏன் என் மகனை வெட்டினாய் என்று கேட்கும் தாய்க்கு, சும்மாதான் என்பதைத் தவிர அந்தப் பையனிடம் பதில் இருக்காது. மன்னிக்கக்கூட ஒரு காரணம் வேண்டுமே.

தாவுரானில் இதற்கு நேர்மாறு. அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். இரு தரப்பும் அரிவாளோடு வந்தவர்கள்தான். யாருக்கு முதலில் ரத்தம் வந்ததோ அவன் பாதிக்கப்பட்டவன், மற்றவன் குற்றவாளி. அரை நிமிடம் முன்பின் ஆகியிருந்தால் பெயர்கள் இடம் மாறியிருக்கும். இதையெல்லாம் பேசித் தீர்க்க வேண்டும் என்றால் இரண்டு பள்ளிகளின் மாணவர் கூட்டமும் பழைய மாணவர்களும் வர வேண்டும். சட்டம் மேசைக்கு அழைப்பது ஒரு பையனையும் ஒரு குடும்பத்தையும்தான். தேவைப்பட்டால் சமூகத்திலிருந்து வேறு சிலரையும் சேர்க்கலாம் என்று இடம் விட்டிருக்கிறது, ஆனால் அதைச் செய்யும்படி யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

பாதிக்கப்பட்டவரின் சம்மதம் இல்லாமல் ஒப்பந்தம் செல்லாது. சில்லறைக் குற்றம், பாதிக்கப்பட்டவரே இல்லாத குற்றம், மாகாணக் குறைந்தபட்சக் கூலியைத் தாண்டாத இழப்பு ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு. 2023-இல் தெற்கு ஜகார்த்தாவில் வரித்துறை அதிகாரி ஒருவரின் மகன் 17 வயதுப் பையனைத் தெருவில் போட்டு மிதித்து நினைவிழக்க வைத்த வழக்கு நாட்டை உலுக்கியது. அதில் உடந்தையாக இருந்ததாக 15 வயதுப் பெண் ஒருத்தியும் விசாரிக்கப்பட்டாள். 12 ஆண்டு வரை போகும் பிரிவோடு 5 ஆண்டுப் பிரிவும் சேர்ந்திருந்ததால் நீதிமன்றம் டிவெர்சியை முயல வேண்டியிருந்தது. அடிபட்ட பையனின் குடும்பம் முடியாது என்றது. பேச்சு அத்தோடு முடிந்தது. அவளுக்கு மூன்றரை ஆண்டு தண்டனை கிடைத்தது.

அந்தக் குடும்பத்தின் இடத்தில் யார் இருந்தாலும் மறுத்திருப்பார்கள். சமாதானத்துக்கு வா என்று யாரையும் இழுத்து உட்கார வைக்க முடியாது. ஆனாலும் ஒரு நெருடல் இருக்கிறது. ஒரே மாதிரி அடித்த இரு பையன்களில், இரக்கமுள்ள குடும்பத்துப் பிள்ளையை அடித்தவன் வீட்டுக்கும் மற்றவன் கூண்டுக்கும் போகிறான். பணம் இதை இன்னும் மோசமாக்குகிறது. மருத்துவச் செலவு, மோட்டார் சைக்கிள் ரிப்பேர், அதற்கு மேல் ஒரு தொகை என்று கேட்கும்போது கடை வைத்திருக்கும் அப்பாவால் கொடுக்க முடியும், கட்டட வேலைக்குப் போகும் அப்பாவால் முடியாது. சமாதானத்துக்குப் பாதிக்கப்பட்டவரின் சம்மதம் கட்டாயம் வேண்டும். சிறைக்கு வெளியே திருத்தப் பார்ப்பதா என்ற முடிவு மட்டும் நீதிபதியிடம் இருக்கட்டும் என்று இரண்டையும் பிரிப்பதே சரி என்று எனக்குப் படுகிறது. இன்றைய சட்டத்தில் இரண்டும் ஒரே முடிச்சில் இருக்கின்றன.

மேசையில் மிக முக்கியமான ஆள் நீதிபதியோ போலீஸோ இல்லை, பாபாஸிலிருந்து வரும் சமூக வழிகாட்டி. பையனின் வீடு, பள்ளி, சேர்க்கை, அப்பா அம்மாவின் நிலை எல்லாவற்றையும் விசாரித்து அவர் எழுதும் அறிக்கையை வைத்துத்தான் மற்றவர்கள் பேசுவார்கள். போலீஸ் கேட்டதிலிருந்து 72 மணி நேரத்துக்குள் அதைக் கொடுக்க வேண்டும். யோக்யகர்த்தா மாகாணத்தில் ஐந்து மாவட்டங்கள்; பாபாஸ் இரண்டுதான், ஒன்று நகரத்திலும் இன்னொன்று வோனோசாரியிலும். தீவுகள் சிதறிக் கிடக்கும் கிழக்குப் பகுதிகளில் ஒரு வழிகாட்டி படகேறிப் போய் வருவதற்கே அந்தக் கெடு முடிந்துவிடும். இப்படி அவசரத்தில் எழுதிய அறிக்கையில், நல்ல பையன், கெட்ட சகவாசம், பெற்றோர் பார்த்துக்கொள்வதாக உறுதியளித்தார்கள் என்பதற்கு மேல் என்ன இருக்க முடியும்? கும்பலில் அவன் ஜோக்கியா, வீசுகிறவனா, யாருக்கு அவன் கடன்பட்டிருக்கிறான், விலகினால் அவனை விட்டுவிடுவார்களா என்பதெல்லாம் மூன்று நாளில் வெளியே வராது.

ஒப்பந்தத்துக்குப் பிறகான கண்காணிப்பும் அதே வழிகாட்டியின் தலையில்தான். பெரும்பாலான பையன்களை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பெற்றோரிடம் ஒப்படைப்பது சட்டத்துக்கு எளிது, செலவில்லாதது. இரவு 11 மணிக்கு அவன் எங்கே இருந்தான் என்று தெரியாத அதே பெற்றோரிடம்தான் திருப்பிக் கொடுக்கிறோம் என்பதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. அப்புறம் பள்ளி. நீதிமன்றம் விட்டாலும் பள்ளி விடாது. பெயர் கெட்டுவிட்டது என்று சொல்லிக் கையில் மாற்றுச் சான்றிதழைக் கொடுத்துவிடுகிறார்கள். படிப்பு போனால் பகல் முழுக்கச் சும்மா கிடப்பான். அவனைச் சேர்த்துக்கொள்ள மிச்சமிருப்பது கும்பல் ஒன்றுதான். டிவெர்சி ஒப்பந்தத்தில் பள்ளியும் ஒரு தரப்பாகக் கையெழுத்திட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருந்தால்கூட நிறைய மாறியிருக்கும்.

இதற்கிடையில் மக்களின் பொறுமை தேய்ந்துகொண்டே போகிறது, போலீஸின் கையும் நீள்கிறது. 2024 செப்டம்பரில் ஜகார்த்தாவை ஒட்டிய பெகாசியில், தாவுரானுக்குக் கூடியவர்கள் என்று சந்தேகித்து ரோந்துப் போலீஸ் வந்தபோது பையன்கள் ஓடிப்போய் ஆற்றில் குதித்தார்கள் என்கிறது போலீஸ் தரப்பு. ஆற்றிலிருந்து ஏழு உடல்கள் எடுக்கப்பட்டன. இரண்டு மாதம் கழித்து மத்திய ஜாவாவின் செமாராங் நகரில் 17 வயதுத் தொழிற்பள்ளி மாணவன் ஒருவனைப் போலீஸ்காரர் சுட்டுக் கொன்றார். தாவுரானைக் கலைக்கப் போன இடத்தில் நடந்தது என்று முதலில் சொன்னார்கள். அந்தக் கதை நிற்கவில்லை. 2025-இல் அந்தப் போலீஸ்காரருக்கு 15 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. தெருச் சண்டைக்காரன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டால் ஒரு பையனின் உயிருக்கு எவ்வளவு மதிப்பு மிஞ்சும் என்பதற்கு இந்த இரண்டு சம்பவங்கள் போதும்.

2025 மே மாதம் மேற்கு ஜாவா ஆளுநர் டெடி முல்யாடி வேறொரு வழியைக் கையில் எடுத்தார். தாவுரானில் கலந்துகொள்கிற, வகுப்புக்கு மட்டம் போடுகிற, மொபைல் கேமில் மூழ்கிக் கிடக்கிற மாணவர்களை ராணுவ முகாம்களுக்கு அனுப்பினார். அடுத்த மாதமே மாணவர்களுக்கு இரவு 9 மணி முதல் அதிகாலை 4 மணி வரை ஊரடங்கும் வந்தது. மனித உரிமை ஆணையம் கண்டித்தது. பல பெற்றோர்கள் கைதட்டினார்கள். எனக்கு இதில் சுவாரஸ்யமாகத் தோன்றுவது ஒன்றுதான். நீதிமன்றத்துக்கு வெளியே, தண்டனை இல்லாமல், சில வாரம் ஓர் இடத்தில் வைத்துத் திருத்துவது என்றால் அதுவும் ஒரு வகை டிவெர்சிதானே? ஆனால் சட்டத்தில் உள்ளதற்கு வயது வரம்பு, கால வரம்பு, நீதிமன்ற ஆணை, வழிகாட்டியின் அறிக்கை எல்லாம் உண்டு. முகாமுக்கு அனுப்பப்பட்டவனுக்குப் பெற்றோரின் கையெழுத்து ஒன்றே போதுமானதாக இருந்தது. அரிவாளோடு பிடிபட்டவனுக்குச் சட்டத்தில் இடமில்லை, வகுப்புக்கு மட்டம் போட்டவனுக்குப் பாசறையில் இடமுண்டு.

2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய புதிய குற்றவியல் சட்டத்தொகுப்பு 2026 ஜனவரி 2 அன்று நடைமுறைக்கு வந்தது. டச்சுக் காலத்துத் தொகுப்பை மாற்றும்போது பழைய எண்களையும் கூட்டிக் குறைத்தார்கள். குத்தும், வெட்டும், அடிக்கும் ஆயுதம் வைத்திருப்பதற்கான தண்டனையை 307-ஆம் பிரிவில் 10 ஆண்டிலிருந்து இறக்கினார்கள். இறக்கி வைத்த எண் 7. சிறார் சட்டம் கேட்பதோ ஏழுக்குக் கீழே.